விண்டோஸ் 10ல ஓடுற ஸ்டுடியோ சிஸ்டத்தை 11க்கு மாத்தணுமா? ஒரு வாசகிக்கு பதில்

தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க, பேரு ஊரு வேணாம்னு கேட்டதால அதை விட்டுட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வீட்டு மாடில ஒரு ரூமை ரெக்கார்டிங் ரூமா மாத்தி வச்சிருக்காங்க. பரதநாட்டிய டீச்சருங்களுக்கு சலங்கை பூஜை, அரங்கேற்றம்னு பாட்டு ரெக்கார்ட் பண்ணிக் குடுக்குறது தொழில். வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், நட்டுவாங்கம் எல்லாம் தனித்தனி டிராக். 2018ல அசெம்பிள் பண்ண சிஸ்டம், ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 16 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டில விண்டோஸ் 10, தனியா 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல ப்ராஜெக்ட் எல்லாம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கியூபேஸ் 10.5, அதோட லைசென்ஸ் உக்காந்திருக்கிற யூஎஸ்பி டோங்கிளோட.

இப்போ என்ன பிரச்சனைன்னா, கம்ப்யூட்டர் கடைக்காரர் "விண்டோஸ் 10 எக்ஸ்பயர் ஆயிடுச்சு, சீக்கிரம் சிஸ்டமே நின்னுடும், டிபிஎம் (விண்டோஸ் 11 கேக்குற பாதுகாப்பு சிப்) இல்லாததால மதர்போர்டும் ப்ராசஸரும் மாத்தணும், அப்புறம் ஃபார்மட் பண்ணி எல்லாம் புதுசா போடணும்"னு சொல்லி 2000 ரூபா அட்வான்ஸும் வாங்கிட்டாராம். அக்கா பையன் வந்து "அதெல்லாம் வேணாம் சித்தி, ரூஃபஸ்ல (விண்டோஸ் போடுற பென் டிரைவ் தயார் பண்ற டூல்) அந்த செக்கிங்கை பைபாஸ் பண்ணி அரை மணி நேரத்துல போட்டுத் தர்றேன்"ங்கிறானாம். பேக்கப்னு இவங்க ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை மொத்தமா எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணி வச்சிருக்காங்க. அடுத்த மாசம் ரெண்டு அரங்கேற்றம் ரெக்கார்டிங் கையில இருக்கு. பழைய ப்ராஜெக்ட் திறக்குமா, தம்புரா ப்ளகின் (கியூபேஸுக்குள்ள சேத்து ஓட்டுற சின்ன சாஃப்ட்வேர், 32 பிட், எப்பவோ வாங்கினது, 32 பிட்டை 64 பிட்ல ஓட வைக்கிற ஜேபிரிட்ஜ் வச்சு ஓட்டுறாங்க) வேலை செய்யுமா, முன்னாடி ஒரு தம்பி சும்மா போட்டுக் குடுத்த சில ப்ளகின் என்ன ஆகும், அட்வான்ஸ் திரும்பி வருமான்னு கேட்டிருக்காங்க.

மேடம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அடுத்த மாச ரெண்டு ரெக்கார்டிங்கும் முடிஞ்சு, மிக்ஸ் பண்ணி, டீச்சர் கேட்டு ஓகே சொல்லி, பணம் கைக்கு வர்ற வரைக்கும் அந்த சிஸ்டத்துல யாரையும் கை வைக்க விடாதீங்க. கடைக்காரரையும் சரி, பையனையும் சரி. ஓஎஸ் மாத்துறது ரெண்டு வேலைக்கு நடுவுல கிடைக்கிற சும்மா இருக்கிற வாரத்துல பண்ற வேலை. ஸ்டுடியோ சிஸ்டம் செட்டப்பும் சர்வீஸும் தான் என் பொழப்பு, "நாளைக்கு செஷன் சார், நேத்து அப்டேட் பண்ணேன் சார்"னு வர்ற போன் தான் எனக்கு அதிகம்.

சிஸ்டம் நின்னுடுமா?

நிக்காது. 2025 அக்டோபர் 14ல மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட்டை முடிச்சுட்டாங்க, அவ்வளவு தான் நடந்தது. அதுக்கு அர்த்தம் புதுசா கண்டுபிடிக்கிற பாதுகாப்பு ஓட்டைகளை அவங்க அடைக்க மாட்டாங்கங்கிறது. கியூபேஸ் அன்னைக்கு எப்படி ஓடுச்சோ இன்னைக்கும் அப்படியே தான் ஓடும், பூட்டுப் போட்டு நிறுத்துற மாதிரி எதுவும் அதுக்குள்ள இல்ல.

அதுவும் உடனே கைவிடல. ஈஎஸ்யூன்னு (எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்) ஒரு திட்டம் இருக்கு, அதுல சேந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வரும். உங்க விண்டோஸ் 22எச்2 வெர்ஷனா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியிருக்கணும். செட்டிங்ஸை அந்த அக்கவுண்ட்ல பேக்கப் ஆக விட்டா காசு இல்ல, இல்லாட்டி 30 டாலர், இல்லாட்டி ரிவார்ட்ஸ் பாயின்ட் 1000. விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கு லிங்க் இருக்கும். ஸ்டுடியோக்காரங்களுக்கு இது ஒரு வகைல நல்லது தான், ஏன்னா புது ஃபீச்சர் எதுவும் வராது, செக்யூரிட்டி மட்டும் வரும், அதனால டிரைவர் கெட்டுப் போற வாய்ப்பும் கம்மி. இன்னைக்கே சேந்துடுங்க. அவசரம்ங்கிற வார்த்தையே அதோட முடிஞ்சுது.

நெட் கனெக்‌ஷனையே புடுங்கிட்டு விண்டோஸ் 10லயே காலத்தை ஓட்டுற ஸ்டுடியோவும் நிறைய இருக்கு. உங்க டோங்கிளுக்கு நெட் தேவையில்லைங்கிறதால உங்களுக்கும் அது முடியும். ஆனா டீச்சர் வாட்ஸ்அப்ல அனுப்புற ரெஃபரன்ஸ் ஆடியோவை வேற லேப்டாப்ல இறக்கி பென் டிரைவ்ல கொண்டு வரணும், அந்த பென் டிரைவ் எங்கெங்க போயிட்டு வந்துச்சோ யாருக்குத் தெரியும். பொறுமை இருந்தா பண்ணலாம், எனக்கு அது அவ்வளவா பிடிக்காது.

மதர்போர்டு மாத்தணுமா?

உங்க விஷயத்துல அனேகமா தேவையே இல்ல. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து லிஸ்ட்ல இருக்கு, உங்களோடது எட்டு. டிபிஎம் 2.0 வேணும்ங்கிறது உண்மை, ஆனா அது தனி சிப்பா இருக்கணும்னு இல்ல, அந்தக் காலத்து இன்டெல் ப்ராசஸர்லயே பிடிடின்னு உள்ளுக்குள்ள வருது. அசெம்பிள் பண்ண சிஸ்டத்துல பெரும்பாலும் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்குற மதர்போர்டு செட்டிங்ஸ்) அது ஆஃப்ல கிடக்கும், அதனால மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக் டூலைப் போட்டுப் பார்த்தா "டிபிஎம் இல்லை"ன்னு சொல்லும். பயாஸ்ல பிடிடியை எனேபிள் பண்ணிட்டு திரும்ப செக் பண்ணுங்க. கடைக்காரர் தெரிஞ்சே சொன்னாரா தெரியாம சொன்னாரான்னு நான் தீர்ப்பு சொல்ல விரும்பல, ஆனா பயாஸைத் திறந்து பார்க்காம மதர்போர்டு மாத்தச் சொன்னது தப்பு.

இன்னொன்னு இருக்கு. ஸ்டார்ட்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு தேடித் திறந்தா பயாஸ் மோடுன்னு ஒரு வரி இருக்கும். அதுல லெகசின்னு இருந்தா (பழைய பூட் முறை) டிஸ்க்கை பிரிச்சு வைக்கிற முறையை எம்பிஆர்ல இருந்து ஜிபிடிக்கு மாத்தணும், அப்புறம் பயாஸ்ல யூஇஎஃப்ஐங்கிற புது பூட் முறைக்கு மாத்தணும். அதுக்கு எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் விண்டோஸ் 10குள்ளயே இருக்கு, டேட்டா அழியாம மாத்தும். ஆனா இதை உங்க ஒரிஜினல் எஸ்எஸ்டி மேல பண்ண வேணாம், ஏன்னு கீழ சொல்றேன்.

இந்த கணக்குல பார்த்தா பையன் சொல்ற ரூஃபஸ் பைபாஸும் உங்களுக்கு வேணாம். அது தகுதி இல்லாத மெஷினுக்கு. நேர் வழியே திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிச்சா நாளைக்கு பெரிய அப்டேட் வரும்போது திரும்ப திரும்ப குதிக்கணும்.

உங்க பேக்கப் பேக்கப்பே இல்ல

கோச்சுக்காதீங்க, இதை நிறைய பேரு பண்றாங்க. ப்ரோக்ராம் ஃபைல்ஸை காப்பி பண்ணி புது விண்டோஸ்ல ஒட்டினா கியூபேஸ் வராது. ஒரு ப்ரோக்ராம் இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸோட செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரில ஒரு பகுதி, ஆப்டேட்டா ஃபோல்டர்ல உங்க கீ கமாண்டும் ப்ரிஃபரன்ஸும், காமன் ஃபைல்ஸ்ல விஎஸ்டி3 ப்ளகின், எங்கயோ ஒரு மூலைல லைசென்ஸ்னு சிதறிப் போய் உக்காரும். எல்லாத்தையும் சேத்து எடுக்க ஒரே வழி டிஸ்க்கையே மொத்தமா குளோன் பண்றது, அதாவது அச்சு அசலா இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுக்குறது.

அதனால நான் சொல்ற வழி இது தான். புதுசா ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்க. குளோன் பண்ற குளோன்சில்லா சாஃப்ட்வேர் இலவசம், அது கொஞ்சம் கருப்புத் திரையா பயமுறுத்தும், பழக்கமில்லன்னா அந்த அக்கா பையனைக் கூப்பிட்டு பண்ணச் சொல்லுங்க, அவன் ஆர்வத்துக்கும் ஒரு வேலை ஆச்சு. எதுல இருந்து எதுக்குன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு என்டர் தட்டச் சொல்லுங்க, மாத்திப் போட்டா காலி டிஸ்க் உங்க ஸ்டுடியோ மேல காப்பி ஆயிடும். அந்த நேரத்துல 1 டிபி ப்ராஜெக்ட் டிஸ்க்கோட கேபிளையும் கழட்டி வச்சுடுங்க. குளோன் முடிஞ்சதும் பழைய எஸ்எஸ்டியை கழட்டி, மேல தேதி எழுதி பீரோல வச்சுடுங்க. ரெண்டையும் ஒண்ணா மாட்டி பூட் பண்ணாதீங்க, குழப்பிக்கும். முதல்ல குளோன்ல இருந்து விண்டோஸ் 10 அப்படியே வருதா, கியூபேஸ் திறக்குதான்னு பார்க்கணும். அது சரின்னா தான் ஜிபிடி மாத்துறது, பிடிடி போடுறது, 11க்கு அப்கிரேட் பண்றது எல்லாம், அதுவும் அந்த குளோன் மேல மட்டும்.

11 ஒத்து வரலையா, பழைய எஸ்எஸ்டியை மாட்டி, பயாஸ்ல லெகசிக்கு திரும்ப மாத்துங்க (முன்னாடி லெகசில இருந்திருந்தா), அன்னைக்கு சாயங்காலமே ரெக்கார்டிங் போகலாம். விண்டோஸே திரும்பிப் போற வசதி குடுக்குது தான், ஆனா அது 10 நாளைக்குத் தான், அதுக்குள்ள யாராவது டிஸ்க் கிளீனப் போட்டு பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழிச்சுட்டா அதுவும் போச்சு. அந்த 10 நாளை நம்பி நான் எந்த ஸ்டுடியோவையும் விட்டதில்ல.

ஃபார்மட் பண்ணி புதுசா போடுறது தப்பு இல்ல, சிஸ்டம் சுத்தமா இருக்கும், உண்மை. ஆனா உங்களுக்கு ஆகாது, காரணம் அடுத்து வருது.

டோங்கிள் தான் உங்க உயிர்

கியூபேஸ் 12ல இருந்து தான் அதோட கம்பெனி ஸ்டைன்பர்க் டோங்கிளை விட்டு அக்கவுண்ட் லாகின் முறைக்கு வந்தாங்க. 10.5 டோங்கிளைப் பார்த்து லைசென்ஸ் சரி பண்ற பழைய இலைசென்சர் முறைல ஓடுறது. அந்த இலைசென்சர் சர்வீஸை 2025 மே 20ல மூடிட்டாங்க. டோங்கிள்ல ஏற்கனவே உக்காந்திருக்கிற லைசென்ஸ் தொடர்ந்து வேலை செய்யும், ஆனா டோங்கிள் ஒடைஞ்சாலோ தொலைஞ்சாலோ முன்ன மாதிரி வேற டோங்கிளுக்கு மாத்தி வாங்க முடியாது. அதனால அதை முன்பக்க போர்ட்ல நீட்டிக்கிட்டு இருக்க விடாதீங்க, கால் பட்டு முறிஞ்ச டோங்கிள் நிறைய பார்த்திருக்கேன், பின்பக்கம் மாட்டுங்க. இலைசென்சர் கண்ட்ரோல் சென்டரோட இன்ஸ்டாலர், கியூபேஸ் 10.5 இன்ஸ்டாலர், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) டிரைவர், மூணையும் இப்பவே இறக்கி ரெண்டு எடத்துல வச்சுக்கோங்க. கடைக்காரர் ஃபார்மட் பண்ணிட்டு "மேடம் அந்த சாஃப்ட்வேர் சிடி குடுங்க"ன்னு கேக்கும்போது தேடக்கூடாது.

கியூபேஸ் 10.5 வந்தது 2019 நவம்பர்ல, விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர்ல. அதனால இந்த ஜோடிக்கு கம்பெனி எந்த வாக்குறுதியும் குடுக்கல. பொதுவா ஓடுது, ஆனா ஓடலன்னா யாரையும் போய் கேக்க முடியாது, அதுக்குத் தான் குளோன் மேல ட்ரை பண்ணச் சொல்றேன். புது கியூபேஸுக்கே போயிடலாம்னு தோணினா காசு கட்டுறதுக்கு முன்னாடி அவங்க சப்போர்ட்டுக்கு மெயில் போட்டு, உங்க பழைய லைசென்ஸுக்கு அப்கிரேட் வழி என்னன்னு எழுத்துல பதில் வாங்கிட்டு அப்புறம் வாங்குங்க.

தம்புராவும் பழைய ப்ராஜெக்ட்டும்

32 பிட் ப்ளகினை ஜேபிரிட்ஜ் போட்டு இழுத்துக்கிட்டு வர்றது 11லயும் நடக்கலாம், ஆனா எத்தனை நாளைக்கு? இதுக்கு ரொம்ப எளிசா ஒரு வழி இருக்கு, ஏன் யாரும் பண்றதில்லன்னு எனக்குப் புரியல. இன்னைக்கு நல்லா ஓடும்போதே 12 சுருதிக்கும், பஞ்சம சுருதி, மத்யம சுருதி ரெண்டுலயும், பத்து பத்து நிமிஷம் தம்புராவை வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுடுங்க. 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோல ஒரு ஃபைல் 173 எம்பி வரும், 24 ஃபைலும் சேத்து 4 ஜிபிக்கு கொஞ்சம் மேல. அப்புறம் அந்த ப்ளகின் இருந்தா என்ன செத்தா என்ன. தம்புரா சத்தம் பாட்டு முழுக்க ஒரே மாதிரி தானே போகப் போகுது.

பழைய ப்ராஜெக்ட் விஷயத்துல, எல்லாத்தையும் காப்பாத்தணும்னு இறங்கினா ஒரு மாசம் ஓடிடும், யார் திரும்பி வருவாங்கன்னு யோசிச்சு எடுங்க. மூணு வருஷம் முன்னாடி பண்ண வர்ணத்துக்கு டீச்சர் திடீர்னு வந்து "புது பொண்ணு ஆடுறா, ஜதி மட்டும் கொஞ்சம் காலப்ரமாணம் குறைச்சுக் குடுங்க"ன்னு கேப்பாங்க இல்லையா, அந்த மாதிரி ப்ராஜெக்ட்டை மட்டும். ஒவ்வொண்ணையும் திறந்து கியூபேஸ்லயே இருக்கிற ப்ரிப்பேர் ஆர்க்கைவ் போட்டா வெளில சிதறிக் கிடக்கிற ஆடியோ எல்லாம் அந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள வந்துடும். அதுக்கு மேல ஒவ்வொரு டிராக்கையும் பாட்டோட தொடக்கத்துல இருந்து முழு நீளத்துக்கு வேவா எக்ஸ்போர்ட் பண்ணி, டெம்போ என்னன்னு ஃபைல் பேர்லயே எழுதி வச்சுட்டீங்கன்னா நாளைக்கு கியூபேஸே இல்லாட்டியும் வேற எந்த சாஃப்ட்வேர்லயும் வரிசையா போட்டு வேலை பார்க்கலாம். இந்த வேலையை விண்டோஸ் 10ல இருக்கும்போதே பண்ணணும், மாத்தினப்புறம் ப்ளகின் காணோம்னு வந்தா எக்ஸ்போர்ட் பண்ண முடியாது.

அந்தத் தம்பி போட்டுக் குடுத்த ப்ளகின்

க்ராக் தானே, நேராவே பேசுவோம். அப்கிரேட் அன்னைக்கு முதல்ல பிரச்சனை பண்றது இது தான், விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் சிலதை அழிக்கும், சிலது கியூபேஸ் ஸ்கேன் பண்ணும்போது அதையே கிராஷ் பண்ணும், நீங்க "விண்டோஸ் 11 சரியில்ல"ன்னு நினைப்பீங்க. அதை விட சட்டம் ஒண்ணு இருக்கு. பதிப்புரிமைச் சட்டம் 1957ல 63பி பிரிவு, திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினா 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரை அபராதம்னு சொல்லுது. வியாபார லாபத்துக்கு இல்லன்னா கோர்ட் ஜெயிலை விட்டுட்டு 50,000 வரைக்கும் அபராதத்தோட நிறுத்தலாம், ஆனா நீங்க காசு வாங்கி தொழில் பண்றீங்க, அந்த சலுகை உங்களுக்குப் பேசாது. "யாரோ போட்டாங்க"ங்கிறதும் இப்போ ஓடாது, உங்களுக்குத் தெரிஞ்சு தானே எனக்கே எழுதியிருக்கீங்க. கியூபேஸோட வர்ற ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் வச்சு வாய்ப்பாட்டும் மிருதங்கமும் தாராளமா மிக்ஸ் பண்ணலாம். அந்த க்ராக்கை எடுக்குறதுக்கு முன்னாடி அது உபயோகப்பட்ட டிராக்கைத் தேடி கியூபேஸோட சொந்த ப்ளகினை போட்டு திரும்ப மிக்ஸ் பண்ணிட்டு எடுத்துடுங்க.

மாத்தின அன்னைக்கு

இன்டர்ஃபேஸ் டிரைவரை விண்டோஸ் தானா போட விடாம கம்பெனி சைட்ல இருந்து எடுத்ததைப் போடுங்க. பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வச்சு, யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை ஆஃப் பண்ணுங்க. ஒன்டிரைவ் உங்க டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை தன் பக்கம் இழுத்துக்கப் பார்க்கும், ப்ராஜெக்ட் எதுவும் அதுக்குள்ள இருக்கக் கூடாது. பழைய டிரைவர் ஏதாவது ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சா விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷன் பக்கத்துல மெமரி இன்டெக்ரிட்டி ஆன்ல இருக்கான்னு பாருங்க, காரணம் பல தடவை அது தான், ஆனா அதை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி புது டிரைவர் இருக்கான்னு தேடுங்க. டிவைஸ் என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆகியிருந்தா ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை பயாஸ்ல கை வச்சா அது கேக்கும்.

அப்புறம் எந்த டிரைவர் ஆடியோவைத் தடுக்குதுன்னு காட்டுற லேட்டன்சிமான்னு ஒரு இலவச டூல், அதை ஓட விட்டு, உங்ககிட்ட இருக்கிறதுலயே கனமான ப்ராஜெக்ட்டைத் திறந்து, அரை மணி நேரம் நிஜமாவே யாரையாவது பாட வச்சு ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. டிக் டிக்னு சத்தம் வந்தா முதல்ல யூஎஸ்பி ஹப்பைத் தூக்கிட்டு இன்டர்ஃபேஸை நேரா மதர்போர்டு போர்ட்ல மாட்டுங்க, எங்கிட்ட வர்ற கேஸ்ல ஓஎஸ் மேல பழி போட்டது பாதி அங்கயே தீர்ந்துடும்.

செஷன் இருக்கிற வாரத்துல அப்டேட்டை தற்காலிகமா நிறுத்தி வைங்க, அஞ்சு வாரம் வரைக்கும் தள்ளிப் போடலாம். 2025 ஜனவரி அப்டேட்ல சில யூஎஸ்பி ஆடியோ டிவைஸ் கோடு 10ங்கிற எரர் காட்டி நின்னு போச்சு, 10லயும் சரி 11லயும் சரி, அப்புறம் தான் சரி பண்ணாங்க. ஒரு வாரம் கழிச்சு போட்டா யாரும் உங்களைக் கேக்கப் போறதில்ல.

2000 ரூபா

கேளுங்க, உரிமையாவே கேளுங்க. இன்னும் வேலை ஆரம்பிக்கல, பார்ட்ஸ் வாங்கல, பிடிடி ஆஃப்ல இருந்தது தான் பிரச்சனைன்னு பயாஸ் ஸ்க்ரீனை போட்டோ எடுத்து அவர்கிட்ட காட்டுங்க, சண்டை வேணாம். வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா "வேலை வேணாம், அட்வான்ஸை திருப்பிக் குடுங்க"ன்னு போட்டு வைங்க, அது தான் உங்க சாட்சி. செக் பண்ணதுக்குன்னு ஒரு சின்னத் தொகையை கழிச்சுக்கிட்டா நியாயம் தான், விட்டுடுங்க. முழுசா மறுத்தா 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதியலாம், அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, ஆனா 2000 ரூபாக்கு அவ்வளவு தூரம் அலையணுமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஒருவேளை அவர் "சரி மேடம், பயாஸ் மாத்தி குளோன் பண்ணிக் குடுக்கிறேன், அட்வான்ஸை அதுல கழிச்சுக்கலாம்"னு சொன்னா, பழைய எஸ்எஸ்டியும் டோங்கிளும் கடைக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு வந்து உங்க முன்னாடி பண்ணணும்னு சொல்லி ஒத்துக்கோங்க.